பத்துப் பொருத்தமும் ஒரு ரத்தச் சீட்டும்

மதுரை கே.கே. நகரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வரன் வந்தது. திருமங்கலத்துப் பிள்ளை, நல்ல உத்தியோகம், பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. ஜோஸியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் பிள்ளையின் தாயாரிடமிருந்து டெலிபோன் வந்தது.

"மதினி, தப்பா நினைச்சுக்காதீங்க. இப்பல்லாம் ரத்தம் என்ன குரூப்புன்னு கேட்டுக்கிறது வழக்கமாப் போச்சு. பொண்ணோட சீட்டு ஒண்ணு வாங்கி அனுப்பிடுங்க."

தெருக்கோடிப் பரிசோதனை நிலையத்தில் ஐந்து நிமிஷ வேலை. சீட்டு வந்தது. அதில் 'ஓ நெகடிவ்' என்று இருந்தது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண்ணின் தாயார் சீட்டும் கையுமாக என் வீட்டுக்கு வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அக்கா, நெகடிவ்னு போட்டிருக்கு அக்கா. நெகடிவ்னா இல்லைன்னுதானே அர்த்தம்? என் பொண்ணு ரத்தத்துல என்ன இல்லை? அவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றது?"

அவள் கூடவே மெள்ள நடந்து வந்த மாமியார்க் கிழவி, தெருவில் எல்லோருக்கும் அப்பத்தா, வராந்தாப் படியில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்துக் கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்து, "ஏத்தா, எனக்கு இடுப்பு ஆபரேஷனுக்கு முந்தி ரத்தம் எடுத்தப்போ இதே பேரைத்தானே சொன்னாக?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியில் எவ்வளவு பெரிய கதை அடங்கியிருந்தது என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

என்ன இல்லை?

முதலில் அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுப்பவை சிவப்பு அணுக்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த அணுக்களின் மேல்தோலில் சில அடையாளங்கள் உண்டு. ஏ என்ற அடையாளம் சிலருக்கு, பி என்பது சிலருக்கு, இரண்டும் சிலருக்கு, இரண்டும் இல்லாமல் சிலருக்கு. இரண்டும் இல்லாதவர்களைத்தான் ஓ பிரிவு என்கிறோம். வியன்னா நகரத்தில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்பவர் 1901-ல் இதை உலகத்துக்குச் சொன்னார். 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவை தவிர இன்னோர் அடையாளமும் உண்டு. அதற்குத்தான் ஆர்.எச். என்று பெயர். அது இருந்தால் பாசிடிவ், இல்லாவிட்டால் நெகடிவ். கன்னத்தில் மச்சம் இருப்பது, இல்லாதது என்பதைப் போல! மச்சம் இல்லாதவருக்கு உடம்பில் ஏதாவது குறை என்று யாராவது சொல்வார்களா? நெகடிவ் ரத்தம் உள்ள பெண் ஓடுவாள், ஆடுவாள், படிப்பாள், பிள்ளை பெறுவாள். அவள் ரத்தத்துக்குப் பலம் குறைவு என்பதெல்லாம் வெறும் பேச்சு.

ஐரோப்பியர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு இந்த அடையாளம் கிடையாது. நம் நாட்டில் சுமார் 5 பேருக்கு. இருபது வீடுகள் உள்ள ஒரு தெருவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். அபூர்வம் என்று சொல்ல முடியாது.

பெயர் வந்த விதம் வேடிக்கையானது. 1940-ல் லாண்ட்ஸ்டைனரும் அலெக்ஸாண்டர் வீனரும் அமெரிக்காவில் ரீஸஸ் என்ற இனத்துக் குரங்கின் ரத்தத்தை முயலுக்குச் செலுத்தி ஆராய்ந்த போது இந்த அடையாளம் பிடிபட்டது என்று நினைத்தார்கள். ரீஸஸ் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துக்களே பெயராயின. குரங்கின் அடையாளம் வேறு, மனிதனுடையது வேறு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் பெயர் ஒட்டிக் கொண்டுவிட்டது. செல்லப் பெயர் வைத்தால் லேசில் போகிறதா?

அப்பத்தாவின் கதை

அந்த நெகடிவ் ரத்தத்தால் தாய்க்கு ஒரு கெடுதலும் இல்லை என்றால், டாக்டர்கள் ஏன் அதைக் கொட்டை எழுத்தில் எழுதுகிறார்கள்? அப்பத்தா சொன்ன கதையைக் கேளுங்கள்.

அவள் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். 1960-ஐ ஒட்டிய வருஷங்கள். மூத்த பிள்ளை கொழுகொழு என்று பிறந்து நன்றாக வளர்ந்தான். அவன்தான் இந்தப் பெண்ணின் தகப்பனார். அடுத்தது பெண் குழந்தை. பிறந்த மறு நாளே மஞ்சள் பூத்து, ஐந்தாம் நாள் போய்விட்டது. அதற்கடுத்ததும் அப்படியே. நாலாவது பிரசவத்திலும் ஐந்தாவதிலும் உடம்பெல்லாம் நீர் கோத்து, உயிரில்லாமலே பிறந்தன.

"முதல் பிள்ளை நல்லாப் பொறந்துருச்சு. அதனால எல்லாம் என் மேல பழி. பார்வை பட்ட வயிறுன்னாக. மரத்துல தொட்டில் கட்டுனேன். எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டாந்தாரம் பார்க்கக் கூட ஆளு வந்துச்சு. மூத்தவன் இருந்தான், அதான் நான் தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டு, கிழவி இடித்த வெற்றிலையை வாயில் போட்டுக் கொண்டாள்.

மறுநாள் மூன்று பேருமாக எங்களுக்குப் பழக்கமான டாக்டரம்மாவிடம் போனோம். அறுபது வருஷத்துக்கு முந்திய குழந்தைகளுக்கு என்ன வந்தது என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. ஆனால் முதல் குழந்தை பத்திரமாக இருந்து, பின் வந்தவை ஒன்றைவிட ஒன்று மோசமாகப் போவது ஆர்.எச். விஷயத்தின் நடையேதான் என்று அவர் சொன்னார். 1609-லேயே பிரான்ஸ் தேசத்து மருத்துவச்சி லூயிஸ் பூர்ஷ்வா, ஓர் இரட்டைப் பிரசவத்தில் ஒரு குழந்தை நீர் கோத்தும் மற்றொன்று மஞ்சள் பூத்தும் இறந்ததை எழுதி வைத்திருக்கிறாளாம். காரணம் தெரிய அதற்குப் பின் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

காலனி வாட்ச்மேன்

டாக்டரம்மா விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அதையே என் பாணியில் சொல்கிறேன்.

தாய் நெகடிவ், தகப்பன் பாசிடிவ் என்று வைத்துக் கொள்வோம். குழந்தை தகப்பனைக் கொண்டு பாசிடிவாகப் பிறக்கலாம். வயிற்றில் இருக்கும்போது தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் சாதாரணமாக நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடி நடுவில் நின்று காக்கிறது. ஆனால் பிரசவ சமயத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்புக்குள் போய்விடுகிறது.

தாயின் உடம்பு ஒரு காலனி. அதற்கு ஒரு வாட்ச்மேன். முகம் தெரியாத ஆசாமி உள்ளே வந்ததும் அவன் விழித்துக் கொள்கிறான். "இந்த அடையாளம் நம்ம காலனியில் கிடையாதே!" என்று அந்த முகத்தை மனசில் பதித்துக் கொள்கிறான். அதற்குள் முதல் குழந்தை பிறந்து தொட்டிலுக்குப் போய்விட்டது, அதற்கு ஆபத்தில்லை. அடுத்த குழந்தையும் பாசிடிவ் என்றால்தான் வினை. இப்போது வாட்ச்மேன் தயார்! அவன் அனுப்பும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியையும் தாண்டிப் போய்க் குழந்தையின் சிவப்பு அணுக்களை உடைக்கிறது. குழந்தைக்குச் சோகை உண்டாகிறது. உடைந்த அணுக்களிலிருந்து வரும் மஞ்சள் பொருள், பிறந்த பின் அளவு மீறினால் மூளையைத் தாக்குகிறது. சோகை முற்றினால் வயிற்றிலேயே நீர் கோத்துவிடுகிறது.

தடுப்பு எதுவும் இல்லாத காலத்திலும் எல்லோருக்கும் இப்படி ஆகவில்லை. பாசிடிவ் குழந்தை பெற்ற நெகடிவ் தாய்மாரில் நூற்றுக்கு 16 பேர் அளவில்தான் வாட்ச்மேன் விழித்துக் கொண்டான். அப்பத்தா அந்தப் பதினாறில் ஒருத்தியாக இருந்திருக்க வேண்டும்.

இந்தச் சூட்சுமத்தை முதலில் மோப்பம் பிடித்தவர்கள் நியூயார்க்கில் பிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்ஸன் என்ற இருவர். இறந்த குழந்தையைப் பெற்ற ஒரு தாய்க்குக் கணவனின் ரத்தத்தையே கொடுத்தார்கள். இருவரும் ஓ பிரிவுதான். ஆனாலும் அவள் உடம்பு அதை ஏற்காமல் பதறியது. 'தகப்பனிடமிருந்து குழந்தைக்கு ஏதோ வந்திருக்கிறது. தாயிடம் அது இல்லை. அதைத்தான் அவள் ரத்தம் எதிர்க்கிறது' என்று 1939-ல் எழுதினார்கள். கணவன் ரத்தம் மனைவிக்கு ஆகவில்லை என்பதை ஒரு மாமியார் சொல்லியிருந்தால் வேறு அர்த்தம் செய்திருப்போம்!

நடு ராத்திரியில் ஒரு யோசனை

வாட்ச்மேனை விழிக்காமல் வைப்பது எப்படி? இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து டாக்டர் சிரில் கிளார்க்குக்குப் பட்டாம்பூச்சி வளர்ப்பதில் பைத்தியம். பூச்சிகளின் இறக்கை நிறம் வம்சாவழியாக எப்படி வருகிறது என்று பார்த்துக் கொண்டிருந்தவர், அதே கணக்கு ரத்தத்திலும் இருப்பதைக் கண்டு, ரொனால்ட் ஃபின் என்ற இளம் டாக்டருடன் இதில் இறங்கினார். ஒரு விஷயம் அவர்களுக்கு விசித்திரமாகப் பட்டது. தாய் ஓ, குழந்தை ஏ என்பது போல் பிரிவும் மாறியிருந்தால் ஆர்.எச். தொல்லை வெகு குறைவாக இருந்தது. உள்ளே வந்த குழந்தையின் அணுக்களைத் தாயின் ரத்தம் உடனே அழித்துவிடுவதால், வாட்ச்மேன் முகம் பார்க்க நேரமே இல்லை!

ஒரு நாள் நடு ராத்திரியில் கிளார்க்கின் மனைவி அவரைத் தட்டி எழுப்பி, அந்த எதிர்ப்பொருளையே தாய்க்கு ஊசியாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டாளாம். எதை வரவிடக் கூடாது என்று பாடுபடுகிறோமோ அதையே கொடுப்பதா என்று எரிந்து விழுந்துவிட்டுத் தூங்கப் போனார் கிளார்க். காலையில் எழுந்து யோசித்தால், மனைவி சொன்னதுதான் சரி! வெளியிலிருந்து கூலிக்கு அமர்த்திய காவலாட்கள் மாதிரி அந்த ஊசி மருந்து போய், வழி தவறி வந்த அணுக்களை அப்புறப்படுத்திவிட்டு, சில மாதங்களில் தானும் மறைந்துவிடுகிறது. சொந்த வாட்ச்மேன் தூங்கிக் கொண்டே இருக்கிறான்.

அதே சமயத்தில் நியூயார்க்கில் ஃப்ரெடா, கார்மன், போலாக் என்ற மூவரும் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். 1964-ல் கார்மன் இங்கிலாந்தில் இருந்த தம் சகோதரருக்கு மருந்தை அனுப்பி வைத்தார். அது அந்தச் சகோதரரின் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பின் போடப்பட்டது. 1968-ல் அமெரிக்காவில் இந்த ஊசி விற்பனைக்கு அனுமதி பெற்றது. இதுதான் இன்று நம் ஆஸ்பத்திரிகளில் 'ஆன்டி-டி' என்று சொல்லும் ஊசி.

மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் மனிதர்களின் ரத்தத்திலிருந்துதான். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிஸன் என்பவர் பதினான்கு வயதில் நெஞ்சில் பெரிய ஆபரேஷன் செய்து கொண்டு, ஊரார் ரத்தத்தால் பிழைத்தவர். அந்த நன்றியில் பதினெட்டு வயதிலிருந்து ரத்தம் கொடுக்க ஆரம்பித்தார். அவர் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் ஏராளமாக இருந்தது. 2018-ல் 81 வயதில் வயது வரம்பு வந்து நிறுத்தும் வரை 1,173 தடவை கொடுத்தார். 24 லட்சம் குழந்தைகள் அதனால் காப்பாற்றப்பட்டதாகக் கணக்கு. அவருக்கு ஊசி என்றால் பயமாம். ஒரு தடவை கூடத் தம் கையைப் பார்த்ததில்லை! 2025-ல் காலமானார்.

எப்போது, எப்படி?

கர்ப்பம் என்று தெரிந்ததும் எடுக்கும் முதல் ரத்தப் பரிசோதனையிலேயே பிரிவும் ஆர்.எச்.சும் பார்த்துவிடுவார்கள். தாய் சேய் நல அட்டையில் அதை எழுதியிருக்கிறார்களா என்று நீங்களும் ஒரு தடவை பாருங்கள். தாய் நெகடிவ் என்றால் உடனே கணவனின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். அவரும் நெகடிவ் என்றால் குழந்தையும் நெகடிவ்தான்; கவலை விட்டது. அவர் பாசிடிவ் என்றால், தாயின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் முன்பே இருக்கிறதா என்று கூம்ப்ஸ் பரிசோதனை செய்வார்கள். இல்லை என்றால் நல்லது. 28-வது வாரத்தில் ஒரு ஊசி. குழந்தை பிறந்ததும் கொடியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்து, பாசிடிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி. குழந்தை நெகடிவ் என்றால் இரண்டாவது ஊசி வேண்டாம். இது முதல் பிரசவத்திலிருந்து ஒவ்வொரு பிரசவத்துக்கும் பொருந்தும்.

இதைவிட முக்கியமான ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். குழந்தை பிறந்தால்தான் ரத்தம் கலக்கும் என்பதில்லை. கரு கலைந்தாலும், கலைத்தாலும், கருக்குழாயில் தங்கிவிட்டாலும் கலக்கலாம். நடுவில் ரத்தப்போக்கு கண்டாலும், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வயிற்றில் அடிபட்டாலும் கலக்கலாம். அப்போதும் ஊசி தேவையா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். "மூணு மாசத்துல தானா போயிடுச்சு, அதை எதுக்குச் சொல்லிக்கிட்டு?" என்று விட்டுவிடுகிற பெண்கள் உண்டு. புகுந்த வீட்டுக்குத் தெரியாத ஏதோ ஒரு கர்ப்பத்தை மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. சகோதரிகளே, ஊருக்குச் சொல்ல வேண்டாம். மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டாவது டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். அந்தக் கணக்கு தெரியாமல்தான் 'முதல்' குழந்தைக்கே ஆபத்து வந்துவிடுகிறது.

வாட்ச்மேன் ஏற்கெனவே விழித்திருந்தால் இந்த ஊசியால் பிரயோஜனம் இல்லை. அதற்காகக் கைவிட்டுவிடவும் வேண்டாம். குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தை ஸ்கேனில் பார்த்தே சோகையைக் கண்டுபிடித்து, வயிற்றில் இருக்கும் போதே கொப்பூழ்க்கொடி வழியாகக் குழந்தைக்கு ரத்தம் செலுத்துகிறார்கள். சென்னையிலும் இந்த வைத்தியம் நடக்கிறது. 2024-ல் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஹரியானாவைச் சேர்ந்த ஒரு தாய்க்கு ஏழு கர்ப்பமும் வீணாகியிருந்தது. அவளுடையது ஆர்.எச். குடும்பத்திலேயே மிக அபூர்வமான வகை; அதற்குப் பொருந்தும் ரத்தம் இந்தியாவில் கிடைக்கவில்லை. ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து தருவித்து, வயிற்றுக் குழந்தைக்கு ஏற்றினார்கள். எட்டாவது குழந்தை பிழைத்தது.

பிறந்த பின் மஞ்சள் கண்டால் நீல வெளிச்சத்தில் போடுகிறார்களே, அது ஒரு நர்ஸ் கண்டது. 1956-ல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற தாதி, குழந்தைகளை வெயிலில் காட்டி எடுத்து வருவாள். ஒரு குழந்தைக்கு வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்தும், துணி மூடிய இடத்தில் மட்டும் மஞ்சளாகவும் இருப்பதை அவள்தான் கவனித்துச் சொன்னாள். அதற்காக, மதுரை வெயில் தாராளமாக இருக்கிறதே என்று வீட்டு மொட்டை மாடியிலேயே வைத்தியம் செய்துவிடாதீர்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

பெண் பார்க்கும் போது

நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது: ஒரே குரூப்பாக இருந்தால் கல்யாணம் செய்யக் கூடாதாம்! இதில் உண்மை துளியும் இல்லை. ஓ பிரிவு நம் ஊரில் எங்கும் உள்ளது. ஓவும் ஓவும் மணந்து கொள்ளக் கூடாது என்றால் பாதித் தெருவில் பந்தல் போட முடியாது. நெருங்கிய சொந்தத்தில் செய்தால் சில பரம்பரை நோய்கள் வரலாம் என்பது வேறு சங்கதி. அதையும் ரத்தப் பிரிவையும் சேர்த்துக் குழப்பிக் கொள்கிறார்கள். மாமன் மகனுக்கு வேறு குரூப் என்பதால் அந்தப் பயம் தீர்ந்துவிடாது. தாய் ஓ பிரிவாக இருந்து குழந்தை ஏ அல்லது பி ஆனால் கொஞ்சம் மஞ்சள் காணலாம். பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும்.

பெண் பாசிடிவ், பிள்ளை நெகடிவ் என்றால் இந்தத் தொல்லை கிடையவே கிடையாது. பெண் நெகடிவ் என்றால் ஓர் ஊசிக்கு நாள் குறித்துக் கொள்ள வேண்டும், அவ்வளவே. அதற்காக ஒரு சம்பந்தத்தை உதறுவது எனக்குச் சுத்த அநியாயமாகப் படுகிறது.

டாக்டரம்மா இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அப்பத்தா கேட்டாள்: "அந்த ஊசி எம்புட்டு ஆகும்த்தா?"

"சில ஆயிரம் ரூபாய் ஆகும் அப்பத்தா."

கிழவி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அன்னைக்கு எங்க வீட்டுல ஒரு எருமை நின்னுச்சு. வித்திருப்பேனே" என்றாள்.

"அப்ப அந்த ஊசியே நம்ம ஊருக்கு வரலை அப்பத்தா. நீங்க என்ன செஞ்சிருக்க முடியும்?" என்று டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக் கொண்டார்.

அன்று மாலையே பெண்ணின் தாயார் திருமங்கலத்துக்கு டெலிபோன் செய்தாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது.

"ஊசி போட்டாச் சரியாப் போயிடுமில்ல மதினி? அம்புட்டுத்தானே! அது சரி, எம் பையன் என்ன குரூப்புன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

உண்மைதான். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை! பிள்ளை பி பாசிடிவ் என்று அப்புறம் தெரிந்தது.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. இப்போது அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. கூம்ப்ஸ் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. 28-வது வாரம் சரியாக வளைகாப்புக்கு நாள் பார்க்கும் சமயத்தில் வருகிறது. சம்பந்திகள் இருவரும் முகூர்த்தம் பார்த்துக் கொண்டிருந்த போது, அப்பத்தா காலண்டரை வாங்கி, டாக்டர் சொன்ன தேதித் தாளின் ஓரத்தை மடித்து வைத்தாள்.

"மொதல்ல ஊசி. வளையல் மறுநா போட்டுக்கலாம்" என்றாள்.